மூச்சு மிசினும் வடைச்சட்டியும்

வடைச்சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே நான் தூங்கிவிட்டேன். உட்கார்ந்து தூங்கினாலாவது ஒரு நியாயம் இருக்கிறது. கையில் ஜல்லிக்கரண்டி, எதிரே கொதிக்கிற எண்ணெய், அதற்கு மேலே சாய்கிற தலை. கரண்டி நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. எண்ணெய் தெறித்து முழங்கைக்குக் கீழே வெந்துபோனது. நான் போட்ட கூச்சலில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

என் புருஷன் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தேவையான கத்தலையெல்லாம் நானே கத்திவிடுகிறேன். என் கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அடுப்பை அணைத்தார். எண்ணெய் ஆறியதும் கரண்டியை எடுத்துத் துடைத்து, கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் பார்த்தார். ஜல்லிக்கரண்டி கல்லாப்பெட்டிக்குள் அடங்குமா? காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடியை அதன்மேல் சாய்த்துவிட்டு, பூட்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டார்.

“இனிமே நீ அடுப்புக்கிட்ட வராத.”

“அப்ப யாரு வடை போடுவா?”

“நான் போடுறேன்.”

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினார்கள்.

எங்கள் கடை அரிமளத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீயும் கல்லாவும் அவர் பாடு. காலையில் இட்லியும் உளுந்து வடையும், சாயங்காலம் பஜ்ஜியும் என் பாடு. டீக்காக எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும். வடை தின்றவன் தொண்டை நனைக்க ஏதாவது குடித்தாக வேண்டும் என்பதால் டீ விற்கிறது. அந்த வடையை அவர் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே கறுப்பாக, உள்ளே மாவாக இருந்தது. நடுவில் ஓட்டை போடச் சொன்னதற்கு வளையல் மாதிரி போட்டார். பெரிசாகிவிட்டது என்றதும் ஓட்டையே இல்லாமல் உருண்டையாகப் போட ஆரம்பித்தார். வழக்கமாக நாலு வடை தின்கிற மனிதர்கள் ஒன்றோடு எழுந்து போனார்கள். போகும்போது என்னைத்தான் முறைத்தார்கள்.

என்னைத் திருச்சிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். பகலில் இப்படித் தூக்கம் வருகிறதே, சர்க்கரையாக இருக்கும் என்று நான் நினைத்தேன். டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

“குறட்டை விடுவீங்களாம்மா?”

“அதெல்லாம் கிடையாது.”

பக்கத்தில் என் புருஷன் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தால், அந்த மனிதர் செய்து காட்டினார். டாக்டர் அறையில், நர்ஸ் நிற்கையில். சேற்றில் மாட்டிய டிராக்டர் மாதிரி ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, சட்டென்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இந்த எடத்துலதான் டாக்டர் பயமா இருக்கும்,” என்றார். “மூச்சே வராது. நான் தோள்ல தட்டுவேன். இது திரும்பிப் படுக்கும். மறுபடி கெளம்பும்.”

“எத்தனை நாளா இப்படித் தட்டுறீங்க?”

“அது இருக்கும் ரொம்ப வருசம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். “சொல்லியிருந்தா விட்டிருப்பியா நீ? என்னைத்தானே மூச்சு நிக்கிற அளவுக்குத் திட்டியிருப்ப?” என்றார். அதற்கும் திட்டினேன்.

ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் ராத்திரி தூங்கியும் தூங்காத மாதிரிதான், பகலில் தலை சாய்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை நிற்கிறது என்றும் சொன்னார். அந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. மறந்துவிட்டேன். சீபேப் மிசின் ஒன்றை வாங்கி ராத்திரி முழுக்கப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும், மருந்து மாத்திரை எதுவும் இல்லை என்றார்.

மிசின் சோற்று டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடுகிற மாஸ்க், மாஸ்க்கைத் தலையோடு சேர்த்துக் கட்ட வார்கள். மிசின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்று தொண்டையை அடைபடாமல் வைத்திருக்கும். வீட்டுக்கு வந்து மாட்டிக் காட்டிய பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். கண்ணாடியில் பார்த்தேன். கோயில் யானைக்கு வயசாகிப் பொட்டு வைத்த மாதிரி இருந்தேன்.

“மொதல்ல பகல்ல டிவி பாக்கும்போது போட்டுப் பழகுங்கம்மா. பழகிட்டா இது இல்லாம தூக்கமே வராது.”

“இது இருந்தா வருமா, அதைச் சொல்லு.”

என் புருஷன் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். மிசினைப் போட்டு ஒழுங்காகத் தூங்க வேண்டும். பகலில் தலை சாயக் கூடாது. அதற்கு ஒரு பரீட்சை. இங்கிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில் முழுவழியும் முழித்துக்கொண்டே வர வேண்டும். “அன்னைக்குக் கரண்டி ஒன் கையில,” என்றார். அந்த வழியில் எனக்கு அரிமளம் தெரியும், புதுக்கோட்டை தெரியும். நடுவில் என்னென்ன ஊர் இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வண்டி கிளம்புவதற்குள் தூங்கிவிடுவேன். அது தெரிந்துதான் அந்தப் பரீட்சையை வைத்தார்.

முதல் ராத்திரிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுவேன், மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பிடுங்கி எறிவேன். வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாக வந்தது. பேச வாயெடுத்தால் வார்த்தைக்குப் பதில் காற்று வந்தது. என்னால் திட்ட முடியாத ஒரே நேரம் அதுதான் என்று கண்டுகொண்டு, கடையில் பகலெல்லாம் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அவர் அப்போது பேசினார். ஒரு நாள் நடுவில் கரண்ட் போய் மிசின் நின்றுவிட்டது. மின்சார வாரியத்தையும் அவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனால், பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் வரை கேட்பார்கள்.

“அக்கா, ராத்திரி தூங்குனீங்களா?”

“ஏன், ஒனக்கு என்ன?”

“எனக்குத்தான்க்கா எல்லாம். இன்னும் எத்தனை நாளைக்கு நாங்க இந்த வடையத் திங்கிறது?”

என் புருஷன் காது கேட்காத மாதிரி மாவைத் தட்டுவார்.

இதற்கு நடுவில் அவர் ஒரு வேலை செய்தார். காற்று வறண்டு போய் மூக்கு எரிகிறது என்று நான் சொல்லியிருந்தேன். மிசினில் தண்ணீர் ஊற்ற ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தத் தண்ணீர் லேசாகச் சூடாகிக் காற்றை ஈரப்படுத்தும். சூடு, தண்ணீர், மூக்கு என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்த என் புருஷனுக்கு, இது ஆவி பிடிக்கிற மிசின்தான் என்று தோன்றிவிட்டது. சளி பிடித்தால் நாங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிப்போம். என்னிடம் சொல்லாமல் அந்தப் பெட்டியில் தைலத்தை விட்டார். அக்கறைதான். அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. மாஸ்க்கை மாட்டி மிசினைப் போட்டதும் மூக்குக்குள் மிளகாய்ப் புகை ஏறிய மாதிரி இருந்தது. கண் இரண்டிலும் நீர் கொட்டியது. வார் தலையில் சிக்கிக்கொண்டு அவிழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத வேகத்தில் அவர் “அய்யய்யோ” என்றார்.

மிசின்காரப் பையனுக்குப் போன் போட்டு அவரே பேசினார். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“சார், தைலமா விட்டீங்க? எத்தனை சொட்டு?”

“சொட்டா? மூடியால ஒரு மூடி.”

“ஒரு மூடியா?” என்று அந்தப் பையன் திரும்பக் கேட்டான். அப்புறம், தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது, அதுவும் சுத்திகரித்த தண்ணீர்தான், அந்த மூச்சு நேரே நுரையீரலுக்குப் போகிறது என்று பொறுமையாகச் சொன்னான். தண்ணீர்ப் பெட்டியையும் குழாயையும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. புதுக்குழாய் வரும்வரை எங்கள் படுக்கையறை தைலக்கடை மாதிரி மணத்தது. கடையில் என் பக்கத்தில் வந்தவர்களெல்லாம் “சளியாக்கா?” என்று கேட்டார்கள்.

புதுக்குழாய் வந்தும் தூக்கம் வரவில்லை. ஒரு பக்கம் மாஸ்க்கிலிருந்து ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. காற்று கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினேன். கன்னத்தில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். பையன் வந்து வேறு அளவு மாஸ்க் கொடுத்தான், அதுவும் ஸ்ஸ்ஸ் என்றது. நாங்கள் இரண்டு பேரும் வார்களையே இழுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் டிவிக்கு முன்னால் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. இட்லிக் கொப்பரை. மூடி எங்காவது நசுங்கியிருந்தால் ஆவி அந்த இடத்தில் மட்டும் இப்படித்தான் சீறும். மூடியை எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது, நசுங்கின இடத்தைக் கண்டுபிடித்துத் துணியைச் சுற்ற வேண்டும். விரலை நனைத்து மாஸ்க்கின் ஓரமாகவே கொண்டு போனேன். மூக்கின் வலது பக்கம் வந்ததும் விரல் சில்லென்றது.

மூக்குத்தி. ஏழு கல் வைத்தது, மேடாக நிற்கும். அதன்மேல் மாஸ்க் உட்காராமல் தூக்கிக்கொண்டிருந்தது. வயசுக்கு வந்தபோது போட்டது. அதற்கப்புறம் கழற்றியதே இல்லை. அது என் மூக்கில் இருப்பது எனக்கே மறந்துபோயிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்த பையனுக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது.

கழற்றிவிடலாம் என்று கடையில் வைத்து அவரிடம் சொன்னேன். அதுவரை மிசினைப் போடு போடு என்று உயிரை எடுத்த மனிதர், கையில் மாவோடு அப்படியே நின்றார்.

“மூக்குத்தியக் கழட்டுறதா? நான் இருக்கையிலயா?”

“நீங்க இருக்கையிலதான். நானும் இருக்க வேணாமா?”

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறிவிட்டது. இவர் கையிலிருந்த மாவைச் சட்டியில் போட்டார். ஓட்டை போட மறந்துவிட்டார். அப்புறம் மெதுவாக, “ராத்திரிக்கு மட்டும் கழட்டிட்டு காலையில போட்டுக்கிறியா?” என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் சொல்லிச் செய்த மாதிரி ஆகிவிடுமே என்று, யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருகு இறுகிப்போய் வீட்டில் கழலவில்லை. தங்க ஆசாரியிடம் போனோம். அவர் எண்ணெய் விட்டுக் கழற்றும்போது என் புருஷன் வெளியே போய் நின்றுகொண்டார். பழைய திருகை மாற்றி, ராத்திரி நானே கழற்றி மாட்டுகிற மாதிரி ஆசாரி செய்து கொடுத்தார்.

அன்றைக்குச் சத்தம் நின்றது. நான் தூங்கினேன். அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் தலைக்குள் எப்போதும் ஒரு ஈரச்சாக்கு கிடக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் போல என்று இருந்துவிட்டேன். விடிந்து எழுந்தபோது சாக்கு இல்லை. சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை கல்யாணப் பந்தலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி, அதைப் போட்டோவும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாஸ்க்கையும் குழாயையும் கழுவி வாசலுக்குப் பக்கத்துக் கொடியில் காயப் போடுவேன். அதை யாரோ பார்த்துவிட்டு, எனக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் பார்த்துவிட்டு வராமல் இருக்கக் கூடாது. பிற்பாடு அதுவே குறையாகப் பேசப்படும். அதனால் ஆள் வர ஆரம்பித்தது. ரொட்டி, பிஸ்கட், சாத்துக்குடி என்று பையோடு வந்தார்கள். திருவரங்குளத்திலிருந்து என் சின்னம்மா மகள் நேரே கடைக்கே வந்துவிட்டாள். வரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, ஆக்ஸிஜன்லயே இருக்கியாமே? ஒரு போன் போடக் கூடாதா?”

“ஆக்ஸிஜன்ல இருக்கிறவ டீக்கடையில என்னடி பண்றேன்?”

அன்று அவசரத்தில் மூக்குத்தியை மாட்ட மறந்து வந்திருந்தேன். அவள் என் மூக்கைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. மெதுவாகத் திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தாள். ஆள் நிற்கிறார், கையில் கரண்டியோடு.

“மச்சான் நல்லாத்தானே இருக்காக?”

“வடை போட்டிருக்காரு. தின்னு பாத்துட்டு நீயே சொல்லு.”

தின்றாள். மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மிசினைப் பார்த்தே தீருவேன் என்றாள். மாட்டிக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “எங்க வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் டிராக்டர் ஓட்டுது, அந்த டாக்டரு எங்கிட்டு இருக்காரு?” என்று கேட்டு விலாசம் வாங்கிக்கொண்டு போனாள். வந்த ரொட்டியையெல்லாம் என் புருஷன் ரொட்டி பஜ்ஜி போடுகிறேன் என்று கருக்கினார்.

உளுந்தும் எண்ணெயும் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போகிற நாள் வந்தது. பரீட்சைக்கு நான் தயார் என்றேன். மூக்குத்தியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்தேன். எங்கள் கடையில் தினமும் சாப்பிடுகிற கண்டக்டர். அவருக்கு எல்லாம் தெரியும். பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரியும்.

“அக்கா, கண்ண மூடுனா ரெண்டு டிக்கெட்டு.”

“நீ மொதல்ல சில்லறையக் குடு.”

என் புருஷன் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. வண்டி கிளம்பியது. காற்று அடித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தைல மரக்காடு வந்தது. ஒரு கண்மாய் வந்தது, அதில் தண்ணீர்கூட இருந்தது. இத்தனை வருஷமாக இந்த வழியில் இவ்வளவு பெரிய கண்மாய் இருக்கிறதா என்று கேட்பதற்குத் திரும்பினேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் தலை என் தோளில் வந்து விழுந்தது. சின்னதாகக் குறட்டையும் வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டார். முன்னாலிருந்தவர்களிடம் சைகை காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

“எழுப்பட்டாக்கா?”

“வேணாம். தூங்கட்டும்.”

நான் இவ்வளவு மெதுவாகப் பேசி கண்டக்டர் கேட்டதில்லை. டிக்கெட் பையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்விட்டார்.

மாவு ஆட்டுவதும் அவர்தான், வடை போடுவதும் அவர்தான், டீயும் அவர்தான் என்றால் அலுப்பு இருக்காதா என்று நினைத்தேன். அதற்கு முன்னால், எத்தனையோ வருஷம் ராத்திரியில் என் தோளைத் தட்டிக்கொண்டு கிடந்தது வேறு. பகலில் கல்லாவில் கண்ணசந்ததற்கு அவரை நான் எத்தனை தடவை எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டேன் என்பது எனக்கு நினைவில் இருக்கிறது. அவர் அதற்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. கண்மாய்க்கு அப்புறம் நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவர் குறட்டையைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். நிற்கிறதா என்று. நிற்கவில்லை. சீராக வந்தது. வெறும் அலுப்புதான். ஆனாலும் ஊர் வரும்வரை காதை எடுக்க முடியவில்லை.

புதுக்கோட்டையில் வண்டி நின்றதும் திடுக்கிட்டு முழித்தார்.

“நான் தூங்கல,” என்றார் முதல் வார்த்தையாக.

“சரி.”

“நீ தூங்குனியா?”

“கண்டக்டர்கிட்டயே கேளுங்க.”

“அக்கா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தாக அண்ணே. நீங்கதான் வண்டி கெளம்புன கொஞ்ச நேரத்துல சாமியாடுனீங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். கடைத்தெருவில் உளுந்தை அள்ளிப் பார்க்கும்போது, “அந்தக் கரண்டிக் காம்பு ஆடுது, கொல்லன் பட்டறையில குடுத்து அடிச்சு வாங்கிருவோம்,” என்றார். அவ்வளவுதான். அதுதான் அவர் கரண்டியைத் திருப்பிக் கொடுத்த விதம்.

மறுநாள் காலையில் மூக்குத்தியை மாட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றேன். விஷயம் எப்படிப் பரவியதோ தெரியாது, எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். இவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். முதல் ஈடு வடையை எடுத்து எண்ணெய் வடித்து, ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். ஓட்டை சரியாக நடுவில் இருந்தது. ஒரு கடி கடித்தார். கடையே அவர் வாயைப் பார்த்தது. நிதானமாக மென்றார், இரண்டாவது கடியும் கடித்தார்.

“உப்பு கம்மி,” என்றார்.

கரண்டியை ஓங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். இத்தனை நாள் அவர் போட்டதைத் தின்றவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மூச்சு வாங்காமல் சொன்னேன். அவர் வடையை முழுசாகத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

உப்பு கம்மிதான். அவர் யாருக்கோ சில்லறை கொடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, மாவில் கொஞ்சம் தூவிக் கலந்துகொண்டேன்.